மெழுகை முழுங்கிட்டா என்ன செய்யணும்?



இந்த மாதச் சுவர் இதழுக்கு ஒரு அறிவியல் கட்டுரை எழுதச் சொல்லி அறிவியல் சார் என்னிடம் சொன்னார். நான் இதைப் பாடப்புத்தகத்தைப் பார்த்து எழுதவில்லை. எங்கள் வீட்டில் நடந்ததையும், அதற்குப் பிறகு நான் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன். இதில் தப்பு செய்தவள் நான்தான். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

சத்திரம் பேருந்து நிலையத்தில் நடந்தது

கார்த்திகை மாதம் ஒரு சனிக்கிழமை நான், அம்மா, தம்பி மூன்று பேரும் சாமான் வாங்கத் திருச்சிக்குப் போனோம். தம்பிக்கு இரண்டரை வயது. மழைக்காலத்தில் அடிக்கடி கரண்ட் போகும் என்று பெரிய கடை வீதியில் ஒரு பாக்கெட் மெழுகுவத்தி வாங்கினோம். விளக்கு வைக்கும்போது ஏற்றுவதற்குக் கற்பூரம் ஒரு டப்பா வாங்கினோம். பெட்டியில் இருக்கிற பட்டுத்துணிக்குப் பூச்சி வராமல் இருக்க அந்துருண்டை ஒரு பாக்கெட். தம்பிக்குப் பொரி. எல்லாவற்றையும் ஒரே கட்டைப்பையில் போட்டுக்கொண்டு சத்திரத்துக்கு வந்தோம்.

நம் ஊர்ப் பக்கம் போகிற பஸ் எல்லாம் சத்திரத்தில்தான் கிளம்பும் என்பது உங்களுக்குத் தெரியும். 2021 டிசம்பரில் திறந்தார்களே, அந்தப் புதுக் கட்டடத்தில்தான் மண்ணச்சநல்லூர் பஸ்ஸுக்காக நின்றோம். "தம்பியப் பாத்துக்கடி, பஸ் எப்பன்னு கேட்டுட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு அம்மா போனார்கள். நான் தம்பியைப் பைக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, புதிதாக வாங்கிய வளையலைக் கையில் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நிமிடம்தான் இருக்கும்.

திரும்பிப் பார்த்தால் அவன் வெள்ளையாக எதையோ மென்றுகொண்டிருந்தான். உதட்டிலும் கன்னத்திலும் வெள்ளைத் துணுக்கு. பையில் இருந்த மூன்று பொருளுமே வெள்ளை! எதைத் தின்றான் என்று எனக்குத் தெரியவில்லை. நான் கத்தினேன். அம்மா ஓடி வந்தார்கள். கூட்டம் கூடிவிட்டது.

"வாயில வெரல விட்டு வாந்தி எடுக்க வைம்மா" என்றார் ஒருவர். "உப்பக் கரைச்சு ஊத்துங்க" என்றார் இன்னொருவர். "வாழப்பழத்தக் குடு, எல்லாம் சுத்திக்கிட்டு வெளிய வந்துடும்" என்றார் ஒரு பாட்டி. "பால் குடுத்தா எந்த வெஷமும் முறிஞ்சிடும்" என்றது வேறொரு குரல். எல்லோரும் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். அம்மா பதறிப்போய் அவன் தொண்டைக்குள் விரலை விடப் போனார்கள்.

அப்போது பஸ்ஸுக்கு நின்ற ஒரு அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "விரல விடாதீங்கம்மா. நான் நர்ஸ். என்னத்தத் தின்னான், பையைக் காட்டுங்க" என்றார். தம்பியை மடியில் உட்கார வைத்து முன்பக்கமாகக் குனிய வைத்தார். உதட்டிலும் பல்லின் முன்னாலும் கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் ஈரத்துணியால் துடைத்தார். "நல்லா அழறான், நல்லா மூச்சு விடறான். அப்ப நமக்கு நேரம் இருக்கு" என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் அம்மாவுக்கு உயிர் வந்தது.

பிறகு பையைக் கொட்டினார். ஒரு மெழுகுவத்தியின் அடியில் பல் பதிந்திருந்தது. சுண்டுவிரல் நுனி அளவு காணோம். கற்பூர டப்பா பிரிக்காமல் இருந்தது. ஆனால் அந்துருண்டை பாக்கெட் ஓரத்தில் கிழிந்திருந்தது. "இதுல எத்தன உருண்டை இருந்துச்சு?" என்று கேட்டார். யாருக்குத் தெரியும்? அக்கா சொன்னார்: "மெழுகுவத்தி மட்டும்னா உங்கள வீட்டுக்கே அனுப்பியிருப்பேன். இது தெரியாம அனுப்ப மாட்டேன்."

ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். மூன்று பாக்கெட்டையும் கையோடு எடுத்துப் போனோம். டாக்டர் தம்பியைப் பரிசோதித்துவிட்டு, அந்துருண்டையை எண்ணச் சொன்னார். 11 இருந்தது. கடை ரசீதில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டு, அதே பாக்கெட்டில் எத்தனை இருக்கும் என்று கேட்டோம். 12 என்றார்கள். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் கட்டைப்பையைத் தலைகீழாக உதறினேன். அடிமடிப்பில் பொரியோடு பொரியாக அந்த 12 ஆவது உருண்டை ஒட்டிக்கொண்டிருந்தது.

சாயந்திரம் வரை வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். வீட்டுக்கு வரும்போது இரவு எட்டு மணி. அம்மா என்னைத் திட்டவே இல்லை. அதனால்தான் எனக்கு அழுகை அதிகமாக வந்தது.

மெழுகு ஏன் ஒன்றும் செய்யவில்லை?

திங்கள்கிழமை அறிவியல் சாரிடம் கேட்டேன். சார் விளக்கியது இது.

நாம் ஏற்றுகிற மெழுகுவத்தி பெரும்பாலும் பாரஃபின் மெழுகு. இது கச்சா எண்ணெயிலிருந்து கிடைக்கிறது. சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் இருக்கிற சுத்திகரிப்பு ஆலையில்கூட இந்த மெழுகைத் தயாரிக்கிறார்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய், மெழுகு மூன்றும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். எல்லாமே கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த சங்கிலிகள். மண்ணெண்ணெயில் சுமார் 10 முதல் 16 கார்பன் வரை உள்ள குட்டைச் சங்கிலி. அதனால் அது தண்ணீர் மாதிரி ஓடும். மெழுகில் சுமார் 20 முதல் 40 கார்பன் வரை உள்ள நீளச் சங்கிலி. அதனால் அது கட்டியாக நிற்கும்.

நம் உடம்பின் வெப்பம் 37 டிகிரி செல்சியஸ். மெழுகுவத்தி உருகுவதற்குப் பொதுவாக 50 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆகவே அது வயிற்றுக்குள் உருகாது. அதைச் செரிக்கிற நொதியும் நம் வயிற்றில் கிடையாது. இரத்தத்தில் கலக்காமல், போன வழியே மலத்தோடு வெளியே வந்துவிடும். தேன்கூட்டு மெழுகும் அப்படித்தான். சில மாத்திரைகள் பளபளப்பாக இருப்பதற்குக்கூட ஒரு பனை மரத்தின் இலையிலிருந்து எடுக்கிற மெழுகைப் பூசுகிறார்கள். நாம் தெரியாமலே மெழுகு தின்றுகொண்டுதான் இருக்கிறோம்!

அப்படியென்றால் பயமே வேண்டாமா? வேண்டும். மெழுகு பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. மெழுகோடு கலந்திருப்பதும், மெழுகு மாதிரியே இருப்பதும், பதற்றத்தில் நாம் செய்கிற வைத்தியமும்தான் ஆபத்து. இதைத்தான் இந்தக் கட்டுரையில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

எது எது, எப்படி எப்படி?

1. மெழுகுவத்தி, கிரேயான்: சிறு துண்டு என்றால் வாயைத் துடைத்து, கொஞ்சம் தண்ணீர் குடிக்கக் கொடுத்தால் போதும். கட்டி தொண்டையில் அடைப்பதுதான் முதல் ஆபத்து. நிறையத் தின்றுவிட்டால் குடலில் அடைத்துக்கொள்ளலாம். வயிற்று வலி, வயிறு உப்பல், திரும்பத் திரும்ப வாந்தி, மலம் போகாமை இருந்தால் டாக்டரிடம் போக வேண்டும். உருகிய சூடான மெழுகு வாயில் பட்டால் அது விஷம் இல்லை, தீக்காயம். அதற்கும் ஆஸ்பத்திரிதான்.

2. தரை பாலிஷ், மரச்சாமான் பாலிஷ், ஷூ பாலிஷ்: இவற்றிலும் மெழுகு இருக்கிறது. ஆனால் மெழுகை இளக்குவதற்கு டர்பென்டைனோ மண்ணெண்ணெய் மாதிரியான எண்ணெயோ சேர்த்திருப்பார்கள். குறிப்பாகத் தண்ணீர் போல ஓடுகிற பாலிஷ் மிகவும் ஆபத்து. இது வயிற்றுக்குள் போவதைவிட நுரையீரலுக்குள் போவதுதான் பெரிய கெடுதல். புரையேறினால் ஒரு வாய் போதும், நிமோனியா மாதிரி ஆகிவிடும். குடித்த பிறகு இருமல், மூச்சிரைப்பு, வாயில் அந்த எண்ணெய் வாடை இருந்தால் உடனே போக வேண்டும். ஒன்றும் தெரியாவிட்டாலும் ஆஸ்பத்திரியில் சில மணி நேரம் வைத்துப் பார்ப்பார்கள்.

3. கற்பூரம்: பார்க்க மெழுகுத் துண்டு மாதிரி இருக்கும், ஆனால் மெழுகு இல்லை. சத்திரத்தில் இறங்கினால் ஒரு பக்கம் லூர்து அன்னை ஆலயத்துக்கு மெழுகுவத்தி, இன்னொரு பக்கம் மலைக்கோட்டைப் பிள்ளையாருக்குக் கற்பூரம். பெரியவர்களுக்கு வித்தியாசம் தெரியும், குழந்தைக்குத் தெரியாது. கற்பூரம் மிக வேகமாக இரத்தத்தில் கலந்து மூளையைத் தாக்கும். சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். சின்னக் குழந்தைக்கு ஒரு கிராம்கூட உயிருக்கு ஆபத்து. வலிப்பு வருகிறதா என்று காத்துக்கொண்டிருக்காமல் உடனே கிளம்ப வேண்டும்.

4. அந்துருண்டை: சிலர் பாச்சை உருண்டை என்பார்கள். பெரும்பாலும் நாப்தலீன். இதில் மோசம் என்னவென்றால், தின்ற அன்று குழந்தை நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும். ஓரிரு நாள் கழித்து இரத்தச் சிவப்பணுக்கள் உடையத் தொடங்கும். முகம் வெளுக்கும், கண் மஞ்சளாகும், சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். பிறவியிலேயே சிலருக்கு உடம்பில் ஒரு நொதி குறைவாக இருக்கும். அவர்களுக்கு ஒரே ஒரு உருண்டையே போதும். ஆகவே "நல்லாத்தானே இருக்கான்" என்று விட்டுவிடக் கூடாது.

5. எலி மருந்துக் கட்டி: எலிக்கு வைக்கிற மருந்தில் ஒரு வகையை மெழுகு சேர்த்து, கலர் கலராகக் கட்டி கட்டியாகச் செய்கிறார்கள். குழந்தை கண்ணுக்கு அது பிஸ்கட் அல்லது கிரேயான். அது இரத்தம் உறைவதைத் தடுத்துவிடும். இதுவும் சில நாள் கழித்துத்தான் தெரியும். உடனே ஆஸ்பத்திரி.

6. பேட்டரி மெழுகுவத்தி, பாட்டுப் பாடும் பிறந்தநாள் மெழுகுவத்தி: இப்போது எல்லாக் கடையிலும் இருக்கிறது. உள்ளே பொத்தான் மாதிரி வட்டமான பேட்டரி இருக்கும். அதை முழுங்கி உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே புண்ணாக்கி அரித்துவிடும். இந்தப் பட்டியலில் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாதது இதுதான்.

அன்று சத்திரத்தில் சொன்ன வைத்தியங்கள் சரியா?

விரல் விட்டு வாந்தி எடுக்க வைப்பது: கூடவே கூடாது. பாலிஷாக இருந்தால் வாந்தியில் மேலே வரும்போதுதான் நுரையீரலுக்குள் போகும். கற்பூரமாக இருந்தால் வாந்தி எடுக்கும் நேரத்திலேயே வலிப்பு வரலாம். கட்டியாக இருந்தால் நம் விரலே அதை இன்னும் உள்ளே தள்ளிவிடும்.

உப்புத் தண்ணீர்: இதுவும் கூடாது. சின்ன உடம்பில் உப்பு திடீரென்று ஏறினால் மூளையைப் பாதிக்கும். மெழுகு தின்ற பிள்ளையை உப்புக் கொடுத்துப் படுக்க வைத்த கதையாகிவிடும்.

பால்: அந்துருண்டை கொழுப்பில் கரையும். பாலிலும் எண்ணெய்ப் பலகாரத்திலும் கொழுப்பு இருப்பதால் அது சீக்கிரம் உடம்பில் சேர்ந்துவிடும். பால் எல்லா விஷத்தையும் முறிக்கும் என்பது தவறு.

வாழைப்பழம்: அழுதுகொண்டிருக்கிற குழந்தையின் வாயில் பழத்தைத் திணித்தால் அதுவே புரையேறும்.

அப்படியானால் என்ன செய்யணும்?

1. முதலில் மூச்சைப் பாருங்கள். அழுகிறதா, பேசுகிறதா, இருமுகிறதா? அப்படியென்றால் மூச்சுக்குழாய் திறந்திருக்கிறது. இருமட்டும், தடுக்காதீர்கள்.

2. சத்தமே வராமல், மூச்சு விட முடியாமல் உதடு நீலமானால் தொண்டை அடைத்திருக்கிறது. ஒருவர் 108-ஐக் கூப்பிட வேண்டும். இன்னொருவர் குழந்தையை முன்பக்கம் குனிய வைத்து, முதுகில் இரண்டு தோள்பட்டை எலும்புக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 தட்டு தட்ட வேண்டும். வராவிட்டால் பின்னால் நின்று, தொப்புளுக்குச் சற்று மேலே முஷ்டியை வைத்து உள்ளும் மேலுமாக 5 முறை அழுத்த வேண்டும். வெளியே வரும்வரை மாறி மாறிச் செய்ய வேண்டும். ஒரு வயதுக்குக் குறைந்த கைக்குழந்தைக்கு வயிற்றை அழுத்தக் கூடாது. தலை தாழ இருக்கும்படி கையில் கவிழ்த்து முதுகில் 5 தட்டு, பிறகு மல்லாத்தி நெஞ்சின் நடுவில் 5 அழுத்தம்.

3. வாயில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எடுங்கள். தெரியாததை விரலால் துழாவாதீர்கள்.

4. என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று பாருங்கள். பாக்கெட், டப்பா, மீதித் துண்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். பையையும் உதறிப் பாருங்கள்!

5. மயக்கமாக இருந்தால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்து கொடுப்பதால் ஒரு பயனும் இல்லை. வாயில் கரண்டி வைப்பதும் கூடாது. பக்கத்தில் இருக்கிற கல், கம்பியை அகற்றிவிட்டு ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும்.

6. உதவி கேளுங்கள். நம் மாநிலத்தில் 2008-லிருந்து 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது, காசு கிடையாது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 1995-ல் தொடங்கிய தேசிய விஷத் தகவல் மையம் இருக்கிறது. அதன் இலவச எண் 1800 116 117. இரவு பகல் எந்நேரமும் கேட்கலாம். திருச்சியில் இருந்தால் புத்தூரில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை இருக்கிறது. போனில் குழந்தையின் வயது, எடை, தின்ற பொருள், நேரம் நான்கையும் சொல்லுங்கள்.

வருமுன் காப்போம்

எங்கள் வீட்டில் இப்போது மூன்று மாற்றம் செய்திருக்கிறோம். கற்பூரமும் அந்துருண்டையும் அப்பாயியின் தகரப் பெட்டியில், பூட்டுப் போட்டு மேலே இருக்கின்றன. பாலிஷையும் மண்ணெண்ணெயையும் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைப்பதில்லை. கடைக்குப் போனால் தின்கிற சாமானுக்கு ஒரு பை, தின்னக்கூடாத சாமானுக்கு ஒரு பை. இரண்டாவது பை என் தோளில்தான் இருக்கும், தரையில் வைக்க மாட்டேன்.

நோயைப் பார்த்தால் போதாது, அது எதனால் வந்தது என்றும் பார்க்க வேண்டும் என்று வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் சொல்லியிருப்பதைத் தமிழ் வகுப்பில் படித்தோம். அன்று கூட்டத்தில் எல்லோரும் வைத்தியம் சொன்னார்கள். "என்னத்தத் தின்னான்?" என்று கேட்டது ஒரே ஒரு அக்காதான். அவர் பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை. நாங்கள் ஆட்டோவில் ஏறும்போது அவர் போக வேண்டிய பஸ் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு, "பரவால்ல, அடுத்த பஸ் வரும், நீங்க போங்க" என்றார்.

அந்த அக்காவுக்கு நன்றி சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. அதனால்தான் இதை எழுதினேன். இதைப் படிக்கிற நீங்கள் வீட்டில் தம்பி தங்கை இருக்கிறவர்கள். இன்றைக்குச் சாயங்காலமே வீட்டில் கற்பூரம் எங்கே இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். இரண்டு எண்ணையும் நோட்டின் பின்பக்கம் எழுதிக்கொள்ளுங்கள்.

என் தம்பி நன்றாக இருக்கிறான். நேற்றுகூட என் கிரேயானில் பச்சை நிறத்தைக் கடித்து வைத்திருந்தான். வாயைத் துடைத்துத் தண்ணீர் கொடுத்தேன். நான் கத்தவில்லை.



இப்படிக்கு,
9 ஆம் வகுப்பு மாணவி